பதினான்காம் எண்ணுக்குப் பக்கத்தில்

படத்தின் தரம் என்ன என்று கேட்கிறது திரை:
குறைவு, நடுத்தரம், உயர்வு.
குறைவு என்றால் உடனே வரும்.
உயர்வு என்றால், அஸ்தம்பட்டியின் இந்த மாடியில்,
குழம்பு கொதித்து இறங்குகிற நேரம்.

தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய காப்புரிமை.
எந்த ஊர் அலுவலகத்திலோ
யாரோ ஒருவர் தாள் தாளாகக் கவிழ்த்து
ஸ்கேன் செய்து வைத்தது.
உள்ளே ஒரு சலிக்கும் உருளை.
வரைந்தவர் சோளத்துக்கு வரைந்திருக்கிறார்.
அவருக்கு மரவள்ளி தெரியாது,
ஜவ்வரிசி தெரியாது,
வாழப்பாடி சீரங்கனைத் தெரியவே தெரியாது.

சீரங்கனுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது.
உருளையின் மூடித் தகட்டில்
தூசி போக அவர் போடும் ஓட்டை
கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றின் சொத்தாம்.
நாற்பத்திரண்டு மெஷின் விற்றிருக்கிறார்.
நாற்பத்திரண்டு ஓட்டை.
"அதுக்கு முன்னாடியே எவனாவது போட்டிருப்பான்,
தேடுங்க அக்கா" என்றார்.
ஓட்டை தேடித் தர
மணிக்கு இவ்வளவு என்று வாங்குகிறவள் நான்.

பதினோரு நாள். இருநூற்றுச் சொச்சம் ஆவணம்.
எல்லாவற்றையும் குறைந்த தரத்தில்தான் புரட்டினேன்.
அதில் 3 எல்லாம் 8.
இழை இழையாகப் போட்ட நிழல்
அப்பிய மை.
உள்ளே மறைந்திருக்கும் பாகத்துக்குப்
புள்ளி புள்ளியாகக் கோடு இழுப்பார்களே,
அது மறைந்தே போயிருக்கும்.
பழகிவிட்டது. காலை ஏழு மணிக்கு
ஜன்னலில் சேர்வராயன் மலையும்
ஒரே சாம்பல் பூச்சாகத்தான் வருகிறது.
யாரும் அதை மலை இல்லை என்பதில்லை.

நேற்று, இரண்டாம் தாளில்,
பதினான்கு என்று எண் போட்ட தகட்டில்
இருந்தது.
கறுப்பாக, வட்டமாக,
சீரங்கன் துளை போடும் அதே மேல்மூலையில்.
போனில் சொன்னேன்.
லேத் ஓடுகிற சத்தத்தையும் மீறி
"தங்கம்! தங்கம்!" என்று கத்தினார்,
என்னையா ஓட்டையையா தெரியவில்லை.

அங்கேயே விட்டிருக்கலாம்.
அறிக்கையில் ஒட்டப் போகையில்
கை தானாக 'உயர்வு' மேல் போனது.
சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி
மேலிருந்து பட்டை பட்டையாக இறங்கியது படம்.
முதலில் சாட்சிகளின் கையெழுத்து.
ஒருவருக்குக் கை நடுங்கியிருக்கிறது.
பிறகு தகடு. தகட்டில் எண்.
எண்ணுக்குப் பக்கத்தில்
ஒரு பூச்சி.

கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே
என்றைக்கோ அகப்பட்டு நசுங்கியது.
ஒரு இறக்கை மட்டும் விரிந்து, நரம்பு நரம்பாக.
அந்தத் தாளிலேயே நுணுக்கமான வரைபடம் அதுதான்.
எண் போடாத ஒரே பாகமும்.

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
குறைந்த தரப் பிரதி இன்னும் கணினியில் இருக்கிறது.
அதில் அது ஓட்டைதான்.
அதை ஒட்டி அனுப்பினால்
என் அறிக்கையில் ஒரு சொல்லும் பொய்யில்லை.
எதிர்த்தரப்பு வக்கீலுக்கும்
இதே மூன்று தெரிவுகள் உண்டு என்பது உறைத்தது.
அதற்குப் பிறகுதான் மனசாட்சி உறுத்தியது.
வரிசையை மாற்றிச் சொல்ல எனக்கும் ஆசைதான்.

கூப்பிட்டேன்.
"பூச்சியா?" லேத் நின்றது.
"எத்தனை காலுங்க?"
எண்ணினேன். "அஞ்சு தெரியுது."
"ஆறாவது?"
"தகட்டுக்கு அந்தப் பக்கம் போயிருக்கும்."
சிரித்தார், அல்லது இருமினார்.

"சரி, அந்தப் படத்தை வாட்ஸ்அப்புல போடுங்க.
என் கண்ணால ஒருக்கா பார்த்துக்கறேன்."
போட்டேன்.
இரண்டு நீலக் கோடு. பிறகு ஒன்றுமில்லை.
கீழே அம்மாபேட்டை பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.
வாட்ஸ்அப் தன் வழக்கப்படி
படத்தைச் சுருக்கி மடித்துத்தான்
வாழப்பாடி வரை கொண்டுபோயிருக்கிறது.

பதில் வந்தது:
"அக்கா, நல்லாப் பாருங்க.
ஓட்டைதான்."